விளக்குக்கு நேரம் பார்ப்பது யார்?

என் மேஜைக் கணினியின் பிராசசர் 3 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. நொடிக்கு முந்நூறு கோடித் துடிப்பு. அப்படிப்பட்ட ஒன்றால் 420 சின்ன விளக்குகளைத் தடுமாறாமல் ஏற்றி இறக்க முடியவில்லை என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். நவராத்திரிக்குக் கொலுப்படிகளில் எல்இடி ஸ்ட்ரிப் ஓட்டிய வருஷத்திலிருந்து இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. விளக்கு எரியவில்லை என்றால்கூட மனசு ஆறியிருக்கும். எரிந்தது, நிறம் மாறியது, அலை ஓடியது. ஆனால் ஓடுகிற அலை நடுவில் ஒரு நொடி திக்கி நின்று, பிறகு ஓடியது. பார்க்க வந்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. அம்மாதான் வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டே, "ஏம்ப்பா, நடுப்படியில லைட்டு திக்குது பாரு. அம்பாள் முகத்துல வெளிச்சம் நடுங்குற மாதிரி இருக்கு" என்றார். அதற்கப்புறம் அந்த நடுக்கத்தைத் தவிர என் கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

ஏற்பாடு இதுதான். ஏழு படி, படிக்கு ஒரு மீட்டர் ஸ்ட்ரிப், மீட்டருக்கு 60 விளக்கு. எல்லாம் டபிள்யூஎஸ்2812பி வகை. ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு சிப் உண்டு, ஒரே ஒரு டேட்டா ஒயரில் வரிசையாகத் தொடுத்து ஓட்டலாம். முதல் படி இடமிருந்து வலம், அடுத்த படி வலமிருந்து இடம் என்று பாம்பு போல வளைந்து போகும். கணினியிலிருந்து யுஎஸ்பி வழியாக ஓர் ஆர்டுயினோ நானோ (நம் நிரலை ஏற்றி ஓட்டும் ஒரு சின்ன சிப் போர்டு), அதிலிருந்து ஸ்ட்ரிப். எந்த விளக்கு எந்த நிறம் என்பதைக் கணினி கணக்குப் போட்டு, ஒரு முழுப் படமாக நானோவுக்கு அனுப்பும். நானோ வாங்கி ஸ்ட்ரிப்பில் தள்ளிவிடும். வீட்டுக் கணினியிலிருந்து நிறைய எல்இடிகளை ஓட்டுபவர்கள் பெரும்பாலும் தொடங்குவது இந்த வழியில்தான். எல்லாக் கட்டுப்பாடும் நம் கையில் இருக்கிறது, பைத்தான் மொழியில் பத்து வரி எழுதினால் போதும் என்பதால் மனசுக்கும் பிடித்த வழி.

கணக்கைப் பார்ப்போம். ஒரு விளக்குக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். 420 விளக்குக்கு 1,260 பைட். கணினி நானோவோடு பேசும் சீரியல் போர்ட், நொடிக்கு 115200 பிட் வேகத்தில், பைட்டுக்குப் பத்து பிட் வீதம் நொடிக்கு 11,520 பைட்தான் கடத்தும். அதாவது நொடிக்கு ஒன்பது படம், அவ்வளவுதான். கண்ணுக்கு ஓட்டம் ஓட்டமாகத் தெரிய இது போதாது. வேகத்தை 5 லட்சமாக ஏற்றினால் படம் நானோவுக்கு வந்து சேர 25 மில்லிநொடி. அதை ஸ்ட்ரிப்பில் எழுத, விளக்குக்கு 30 மைக்ரோநொடி வீதம் இன்னொரு 12.6 மில்லிநொடி. கூட்டினால் நொடிக்கு 26 படம் வரை போகலாம். காகிதத்தில் இது போதும். ஆனால் அந்த 12.6 மில்லிநொடியும் நானோ காதை மூடிக்கொள்கிறது. ஸ்ட்ரிப்புக்கு எழுதும்போது துடிப்பின் அளவு பிசகக்கூடாது என்பதால் மற்ற எல்லாக் குறுக்கீட்டையும் அது நிறுத்தி வைக்கும். அந்த நேரத்தில் கணினி அனுப்பும் பைட்டுகளில் ஒன்றிரண்டுதான் தங்கும். மற்றதெல்லாம் தொலைந்து போகும்.

தொலைந்த பைட் கண்ணுக்குத் தெரியும். படிகள் முழுக்க மஞ்சள் போட்டிருந்தேன். சிவப்பு 255, பச்சை 160, நீலம் 0. நடுவில் ஒரு பைட் விழுந்துவிட்டால் அங்கிருந்து எல்லாமே ஓர் இடம் நகர்ந்துவிடும். 160, 0, 255 என்று போய் அந்த இடத்திலிருந்து கடைசிப் படி வரை ஊதா. இரண்டு பைட் விழுந்தால் 0, 255, 160, மயில்பச்சை. மூன்று விழுந்தால் நிறம் சரியாகிவிடும், இடம் மட்டும் ஒரு விளக்கு தள்ளிப் போயிருக்கும். மேலே மூன்று படி மஞ்சளாகவும், கீழே நாலு படி ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்கு ஊதாவாகவும் எரிவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் குழந்தை கைதட்டியது. இதற்கு எல்லோருக்கும் தெரிந்த மருந்து உண்டு. நானோ "ரெடி" என்று ஓர் எழுத்து அனுப்பிய பிறகுதான் கணினி அடுத்த படத்தை அனுப்ப வேண்டும். அப்படிச் செய்ததும் ஊதா போய்விட்டது. திக்கல் போகவில்லை.

திக்கல் கணினியிலிருந்து வந்தது. பிரவுசரில் ஒரு கனமான பக்கம் திறந்தால், ஆன்டிவைரஸ் விழித்துக்கொண்டால், அப்டேட் இறங்கினால், அலை நிற்கும். விண்டோஸ் தன் நிரல்களை எழுப்பிப் பார்க்கும் வழக்கமான இடைவெளி 15.6 மில்லிநொடி. ஸ்ட்ரிப்பில் ஒரு பிட்டின் ஆயுள் 1.25 மைக்ரோநொடி. அந்த ஒரு இடைவெளிக்குள் பன்னிரண்டாயிரம் பிட்டுக்கு மேல் போய்விடும். கணினி வேகமானதுதான். ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வேகம் வேறு, நேரம் தவறாமை வேறு. இரண்டும் ஒன்று என்ற எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது, பதில் கல்லூரி லேபில் இருந்தது.

டர்போ சி காலம்

என் வயதுக்காரர்களுக்கு பிரிண்டர் போர்ட் ஞாபகம் இருக்கும். 25 பின் கொண்ட அந்த நீள வாய். 2 முதல் 9 வரை எட்டு பின்னும் எட்டு டேட்டா கம்பி, 18 முதல் 25 வரை கிரவுண்ட். எட்டு எல்இடியையும் எட்டு ரெசிஸ்டரையும் சொருகிவிட்டு, டர்போ சி என்ற பழைய நிரல் மென்பொருளில் ஹெக்ஸ் 378 என்ற அந்தப் போர்ட்டின் முகவரிக்கு ஓர் எண்ணை எழுதினால் அந்த எண்ணின் பிட்டுகள் அப்படியே விளக்காக எரியும். 1 எழுதினால் முதல் விளக்கு, 128 எழுதினால் கடைசி விளக்கு, 255 எழுதினால் எட்டும். எண்ணை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் வெளிச்சம் ஓடும். எண் என்பது கையால் தொடக்கூடிய பொருள் என்று எனக்குப் புரிந்த நாள் அது. பைனரியை அதைவிட நன்றாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

விண்டோஸுக்கு முந்தைய டாஸில் நம் நிரல் ஓடும்போது கணினி முழுக்க நம்முடையது. பக்கத்தில் வேறு யாரும் கிடையாது. நூறு மில்லிநொடி பொறு என்றால் நூறுதான் பொறுக்கும். அதனால்தான் கணினி விளக்கை நேராகக் கையில் பிடித்திருக்கிறது என்ற நம்பிக்கை எங்கள் தலைமுறைக்கு ஊறிப்போனது. பிறகு வந்த விண்டோஸ் என்டி, 2000, எக்ஸ்பி எல்லாம் சாதாரண நிரல் போர்ட்டைத் தொடக்கூடாது என்று தடுத்துவிட்டன. தனி டிரைவர் வைத்துச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. மடிக்கணினிகளில் போர்ட்டே காணாமல் போயிற்று. நியாயம்தான். ஆயிரம் வேலையைப் பங்கு போட்டுப் பார்க்கிற இயந்திரத்தில் ஒருவர் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. ஆனாலும் அந்த நாட்களின் நேரடித் தொடுகையை நான் இன்றைக்கும் விரும்புகிறேன். பழைய கணினி கையில் கிடைத்தால், வீட்டில் பிள்ளைகள் இருந்தால், எட்டு எல்இடி வைத்து ஒருமுறை காட்டுங்கள் என்று சொல்வேன்.

டிரம்மும் டப்பாவும்

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் சீரியல் லைட் போர்டு வைப்பார்கள். சிங்க வாகனத்தில் அம்மன், சுற்றிச் சக்கரம், கீழே தாமரை விரிந்து விரிந்து மூடும். திக்கல் விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த நேரத்தில் திருவிழா வந்தது. போர்டு சாமியாக எரிவதை முன்னால் நின்று பார்க்காமல், நான் பின்பக்கம் போனேன். சவுண்ட் சர்வீஸ்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் பந்தல் லைட் போட்டவர் அவர்தான். "அண்ணே, கம்ப்யூட்டர் எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அது வீட்ல இருக்கு தம்பி. டிசைன் போடுறதுதான் அதுல. பையன் வரைஞ்சு கார்டுல ஏத்திக் குடுப்பான். இங்க ஓட்டுறது இந்த டப்பா" என்று காலடியில் இருந்த பெட்டியைக் காட்டினார். உள்ளங்கை அகலக் கன்ட்ரோலர். ஒரு பக்கம் எஸ்டி கார்டு, மறுபக்கம் போர்டுக்குப் போகும் ஒயர்கள். ஆயிரக்கணக்கான பிக்சல் விளக்குகள், திக்கல் என்ற பேச்சே இல்லை. எனக்கு வாயடைத்துப் போயிற்று. நான் வீட்டில் கணினியை விளக்கோடு கட்டிப்போட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இங்கே ஒருவர் கணினியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"இதுக்கு முன்னாடி எப்படிண்ணே ஓட்டுனீங்க?" என்றேன். மறுநாள் ஷெட்டுக்கு வரச் சொன்னார். போனபோது மூலையில் சாக்கு போட்டு மூடியிருந்ததை எடுத்துக் காட்டினார். முழ நீள மர உருளை. அதன் மேல் செம்புத் தகடுகளை வெட்டி வெட்டி ஆணியடித்திருந்தார்கள். சில தகடு நீளம், சில குட்டை, சில சாய்வாக ஏறிப் போயின. உருளைக்கு மேலே வரிசையாகப் பித்தளை விரல்கள். மோட்டார் உருளையைச் சுற்றும். தகடு விரலுக்கு அடியில் வரும்போது அந்த வரிசை எரியும், தகடு தாண்டினால் அணையும். தாமரை விரிய ஒரு டிரம், சக்கரம் சுற்ற ஒரு டிரம். தகடுகளின் ஓரத்தில் தீப்பொறி பட்டுக் கறுத்த தடம் அப்படியே இருந்தது. விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் மட்டும் பளபளப்பாக இருந்தது. "அப்பா அடிச்சது. எந்த டிசைனுக்கு எந்தத் தகடுன்னு ராத்திரியெல்லாம் உக்காந்து வெட்டுவாரு. வெட்டி முடிச்சா அவரு தூங்கப் போயிடுவாரு. அது பாட்டுக்கு விடிய விடிய ஓடும்" என்றார்.

அந்த உருளையைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். வடிவத்தை யோசிக்கிற வேலை ராத்திரி உட்கார்ந்து வெட்டிய மனுஷனுடையது. அதற்கு அவசரம் கிடையாது. நேரத்தைக் காக்கிற வேலை மோட்டாருடையது. அதற்கு யோசனை கிடையாது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கத் தேவையே இல்லை. மர உருளை போய் எஸ்டி கார்டு வந்த பிறகும் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இந்தப் பிரிவினையை விடாமல் வைத்திருக்கிறார்கள். புத்தகத்திலும் இணைய மன்றங்களிலும் தேடிக்கொண்டிருந்த பதில் எங்கள் தெருவிலேயே பல வருஷமாக எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

ஏழு பைட்

வீட்டுக்கு வந்து மொத்தத்தையும் மாற்றி எழுதினேன். கணினி இப்போது படம் அனுப்புவதில்லை, சொல் அனுப்புகிறது. ஒரு செய்தி ஏழு பைட்தான். தொடக்க அடையாளம், எந்தப் படி, என்ன வடிவம், நிறம், வெளிச்ச அளவு, வேகம், கடைசியில் சரிபார்க்கும் எண். பழைய 115200 வேகத்திலேயே இது 0.6 மில்லிநொடியில் போய்ச் சேர்ந்துவிடும். அலை எப்படி ஓட வேண்டும் என்ற கணக்கை நானோவே தனக்குள் போட்டுக்கொள்கிறது. 16 மெகாஹெர்ட்ஸ் சிப், 2 கிலோபைட் நினைவகம். 1,260 பைட் விளக்குகளுக்கே போய்விடும். மிச்சம் இருப்பதில் நிரல் ஓட வேண்டும். எளிய வடிவங்களுக்கு அது தாராளம். அதற்கு வேறு வேலையே இல்லை என்பதுதான் அதன் பலம்.

காது மூடும் பிரச்சினை இதிலும் உண்டு. நானோ எழுதிக்கொண்டிருக்கும்போது செய்தி வந்தால் தொலையும். அதனால் செய்தி கிடைத்ததும் நானோ பதில் சொல்ல வேண்டும், பதில் வரும் வரை கணினி திருப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "வெளிச்சத்தைப் பத்து கூட்டு" என்று செய்தி அமைத்தால், பதில் மட்டும் வழியில் தொலைந்து அதே செய்தி இரண்டு முறை போகும்போது வெளிச்சம் இருபது கூடிவிடும். "வெளிச்சத்தை 60-இல் வை" என்று அமைத்தால் ஐந்து முறை போனாலும் 60-தான். மாற்றத்தைச் சொல்லாதீர்கள், நிலையைச் சொல்லுங்கள். விளக்கு என்றில்லை, வீட்டில் எதைக் கணினியோடு இணைத்தாலும் இது பொருந்தும்.

அப்புறம் இரண்டு சின்ன வேலை. கணினி சீரியல் போர்ட்டைத் திறந்தாலே நானோ ரீசெட் ஆகிவிடும், நிரல் ஏற்ற வசதியாக அப்படி அமைத்திருக்கிறார்கள். கணினி மறுதொடக்கம் ஆகும்போதெல்லாம் கொலு இருண்டு எரிவது நன்றாயிராது. நிரல் ஏற்றி முடித்த பிறகு ரீசெட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் போட்டால் தீர்ந்தது. நானோவுக்கு மின்சாரமும் யுஎஸ்பியிலிருந்து வாங்காமல், ஸ்ட்ரிப்புக்கு மின்சாரம் தரும் 5 வோல்ட் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே கொடுத்தேன். இப்போது கணினியை நிறுத்தினாலும் விளக்கு நிற்காது. அம்மா அணைந்திருந்த மானிட்டரையும் ஓடுகிற விளக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இப்ப யாரு இதை ஓட்டுறா?" என்றார். டப்பாவைக் காட்டினேன். "இதை மொதல்லயே பண்ணியிருக்கலாமேப்பா" என்றார்.

அப்படியானால் கணினி எதற்கு? அதற்குத் தெரிந்தது சிப்புக்குத் தெரியாது. இன்று நவராத்திரியில் எத்தனையாவது நாள், இந்த ஊரில் சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது, இன்றைக்கு என்ன நிறம், ராத்திரி எத்தனை மணிக்கு மங்கலாக்க வேண்டும் என்பதெல்லாம் கணினியின் வேலை. சிப் துண்டு நேரத்தில் கெட்டி, நீண்ட நேரத்தில் மோசம். மலிவான போர்டுகளில் சிப்புக்குத் துடிப்பு தரும் செராமிக் ரெசொனேட்டர் நூற்றுக்கு அரை பங்கு வரை பிசகலாம். ஒரு மணி நேரத்தில் 18 நொடி. அதை நம்பிச் சாயங்கால விளக்கு வைக்க முடியாது. கணினியோ இணையத்தில் நேரம் சரிபார்த்துக்கொண்டே இருக்கும், மாதக்கணக்கில் பிசகாது. மைக்ரோநொடியைச் சிப் பார்த்துக்கொள்ளட்டும், நாளையும் கிழமையையும் கணினி பார்க்கட்டும்.

கம்பி சொல்லும் நிறம்

யாரும் கணக்கில் சேர்க்காத மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு, மின்சாரக் கம்பி. ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். 420 விளக்குக்கு 25 ஆம்பியர். முழு வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் கொலுவுக்குத் தேவைப்படாது, அதற்கே ஆறு ஆம்பியருக்கு மேல் போகிறது. ஸ்ட்ரிப்பின் மெல்லிய செம்புத் தடத்தில் அவ்வளவு கரன்ட் ஓடும்போது தூரத்து முனையில் 5 வோல்ட் இருக்காது. சிவப்பு எரிய 2 வோல்ட் அளவு போதும், நீலத்துக்கும் பச்சைக்கும் சுமார் 3 வேண்டும். அதனால் முதலில் நீலமும் பச்சையும் சோர்ந்து, கடைசிப் படியில் வெள்ளை பழுப்பேறித் தெரியும். கணினி எல்லாப் படிக்கும் ஒரே எண்ணைத்தான் சொன்னது. எவ்வளவு நிரல் எழுதினாலும் இது சரியாகாது. தடிமனான ஒயரை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து படிக்குப் படி இழுத்து ஒவ்வொரு படிக்கும் தனியாக 5 வோல்ட் கொடுக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் ஸ்ட்ரிப் வாங்குகிறவர்கள் ஒயரையும் அதே பையில் வாங்கிக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

எல்லாவற்றையும் சிப்பிடம் விட்டுவிட முடியாத இடங்களும் உண்டு. டிவி திரையின் ஓரத்து நிறத்தைச் சுவரில் படரவிட விரும்புகிறவர் ஒவ்வொரு படத்தையும் கணினியிலிருந்து அனுப்பித்தான் ஆக வேண்டும். அவருக்கு நானோ சரிப்படாது. வைஃபை உள்ள ஈஎஸ்பி32 போர்டில் டபிள்யூஎல்இடி என்ற இலவச மென்பொருளை ஏற்றி, வீட்டு வைஃபையில் அனுப்புவது மேல். நாடக மேடை விளக்குகளுக்கு 1986-இல் வந்த டிஎம்எக்ஸ்512 முறையின் கணக்கே அங்கும் செல்லும். ஒரு தொகுதிக்கு 512 சேனல், அதாவது விளக்குக்கு மூன்று வீதம் 170 விளக்கு, என் 420-க்கு மூன்று தொகுதி. ராஸ்பெர்ரி பை மாதிரி லினக்ஸ் போர்டிலிருந்து நேராக ஓட்டியே தீருவேன் என்பவர்கள் ஏபிஏ102 வகை ஸ்ட்ரிப்பைத் தேடலாம். அதில் டேட்டாவுக்குப் பக்கத்தில் கிளாக் ஒயர் தனியாக ஓடுவதால் நடுவில் தாமதம் வந்தாலும் விளக்கு பொறுத்துக்கொள்ளும். விலை கூடுதல். ஆனாலும் இந்த வழிகளில் எதை எடுத்தாலும் தேவையில்லாமல் படம் அனுப்பாதீர்கள், சொல்லால் முடிகிற இடத்தில் சொல்லை அனுப்புங்கள் என்பதுதான் என் கட்சி.

அந்தக் கட்சிக்கு இப்போது ஒரு சோதனை வந்திருக்கிறது. அக்கா மகனுக்கு நாதஸ்வரக் கச்சேரிப் பதிவுக்கு ஏற்ப படிகள் ஆட வேண்டுமாம். "மாமா, தவில் அடிக்க அடிக்க லைட்டும் அடிக்கணும்" என்கிறான். இசையைக் கேட்டு அடியைப் பிரிப்பது கணினியால்தான் ஆகும். நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகளில் 1,024-ஐ ஒரு தடவையில் எடுத்துப் பார்த்தால் 23 மில்லிநொடித் தாமதம். அது காதுக்கும் கண்ணுக்கும் நடுவில் பெரிதாகத் தெரியவில்லை. அடி விழுந்தது என்பதை மட்டும் நானோவுக்குச் சொல்ல, எரிந்து மங்குவதை நானோ பார்த்துக்கொள்கிறது. அடியை மட்டும் இரண்டாவது முறை அனுப்புவதில்லை, பிந்தி வந்த அடியைவிட விட்டுப்போன அடி மேல். குச்சியால் வாசிக்கும் தொப்பிப் பக்கத்தின் கனத்த ஒலி கீழ்ப்படிகளுக்கு, கூடு போட்ட விரல் விழும் வலந்தலை மேல்படிகளுக்கு என்று பிரித்திருக்கிறேன். தொப்பி சரியாக விழுகிறது. வலந்தலையின் மேல் நாதஸ்வரம் ஏறி நிற்கும் இடங்களில் மட்டும் கணினி இரண்டையும் குழப்பிக்கொள்கிறது. தவில் வாசிக்கிறவர்கள், அல்லது கச்சேரி ஒலிப்பதிவில் வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், எந்த அதிர்வெண்ணில் எல்லை போடலாம் என்று சொல்லுங்கள். அடுத்த நவராத்திரிக்குள் முடித்துவிட ஆசை.